ராத்திரிப் பொங்கல் விருந்து: அக்காவிடம் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான், பொங்கல் அன்று குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது. மும்பைக்காரர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே சங்கடம்: ஊரில் மத்தியானம் நடக்கிற விருந்து இங்கே ராத்திரிக்குப் போய்விடுகிறது. மாவடு ஊறுகாய் பற்றியும் வீட்டுக் கடன் பற்றியும் எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

கே: அக்கா, நாங்கள் சயானில் இருக்கிறோம். பொங்கல் அன்று எனக்கும் அவருக்கும் ஆபீஸ் உண்டு, பிள்ளைக்கு ஸ்கூல் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு இலை போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னால், ஊரிலிருந்து அத்தை "ராத்திரி திங்கறதுக்குப் பேரு பொங்கச் சாப்பாடா?" என்று போனில் சத்தம் போடுகிறார். செய்யலாமா, கூடாதா?

ப: தாராளமாகச் செய்யலாம். அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: சூரியனைப் பார்த்துச் செய்கிற காரியம் பானை வைப்பது, அதைக் காலையிலேயே செய்துவிடுகிறோம், சாப்பாடு மட்டும்தான் ராத்திரி. இன்னொன்றும் சொல்லலாம். திருநெல்வேலியில் தை ஒன்றாம் தேதி ஆறே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும், மும்பையில் ஏழே கால் ஆகும். ஏழே காலுக்குச் சூரியன், எட்டேகாலுக்கு லோக்கல் ரயில் என்றால் நடுவில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் பால் பொங்கும், பச்சரிசி வேகும், எதிர் பில்டிங் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற சூரியனுக்கு ஜன்னல் வழியாகக் காட்டலாம், ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு ஓடலாம். ஒன்பது வகைக் கறி வேகாது. இதை அத்தையும் ஒத்துக்கொள்வார், அவரும் சமைக்கிறவர்தானே.

ஆனால் ஒரு விஷயம். ஊர் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே தூக்கி ராத்திரிக்கு வைக்காதீர்கள், எல்லோரும் தப்புப் பண்ணுகிற இடம் இதுதான். மத்தியானம் சாம்பார், புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, ரசம், இரண்டு பாயசம் என்று சாப்பிட்டவர் திண்ணையில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சரியாகிவிடும். ராத்திரி பத்து மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? எங்கள் வீட்டில் ராத்திரி விருந்து என்றால் குழம்பு ஒன்றே ஒன்றுதான், அது சொதி. பாசிப்பருப்பு வேகவைத்து, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிகிற நெல்லைச் சமாச்சாரம். கூட இஞ்சித் துவையல் கட்டாயம், தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஜோடி. அப்புறம் சிறுகிழங்குப் பொரியல், அவரைக்காய்ப் பொரியல், பருப்பு, நெய், அப்பளம், தயிர், காலையில் வைத்ததிலேயே மீதியிருக்கிற சர்க்கரைப் பொங்கல். போதும்.

சிறுகிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் தாராவி 90 அடி ரோட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் ரோட்டோரத்தில் குவிந்து கிடக்கும், தாதர்–திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸில் பாதி ஊர் இறங்கிவிட்டதோ என்று தோன்றும். சிறுகிழங்கைச் சாக்குப் பையில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால் தோல் தானாக உரியும், கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தால் மாட்டுப் பொங்கல் வந்துவிடும். பால்கனியில் அடியுங்கள், கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

காய் நறுக்க நேரமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். சாயங்கால ஸ்லோ வண்டியின் லேடீஸ் டப்பாவில் உட்கார இடம் கிடைத்தால் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து சயான் வருவதற்குள் அரைக் கிலோ அவரைக்காயை நார் எடுத்துவிடலாம். எதிர் சீட்டில் ஒரு மராத்தி மாவ்ஷி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை நான் என் கவரில் பாதி நார் எடுத்த நிலையில் தூங்கிவிட்டேன், கண் விழித்தால் பக்கத்தில் இருந்த பெண் மீதியை முடித்துவிட்டு கவரை முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்திருந்தாள். பேர் கூடக் கேட்கவில்லை, குர்லாவில் இறங்கிப் போய்விட்டாள், நானும் சயானைத் தாண்டி அங்கே வரை போயிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கே: சர்க்கரைப் பொங்கலில் பால் ஊற்றினால் திரிந்துபோகிறது. கை ராசியா? (முலுந்து வாசகி)

ப: கை ராசி இல்லை, வெல்லம். வெல்லத்தில் லேசான புளிப்பும் உப்புகளும் இருக்கும், அது கொதிக்கிற பாலோடு சேர்ந்தால் பால் திரிகிறது. அரிசியும் பருப்பும் பாலிலும் தண்ணீரிலும் குழைய வெந்த பிறகு அடுப்பை அணைத்து, வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டுமே கொஞ்சம் ஆறினபின் சேருங்கள். இன்னொரு எச்சரிக்கை, இது மும்பைக்கு மட்டும். சங்கராந்தி சமயத்தில் கடைக்காரர் "சிக்கிச்சா கி சாதா?" என்று கேட்பார். எள்ளுருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும் ஆகிற பிசினாட்டம் இழுக்கிற வெல்லம் சிக்கி வெல்லம், நமக்கு அது வேண்டாம், சாதா என்று சொல்லி வாங்குங்கள். கொல்ஹாப்பூர் வெல்லம் நல்ல வெல்லம்தான், ஆனால் வெளுப்பாக இருக்கும், ஊர் நிறம் வரவில்லையே என்று ஃபுட் கலர் தேடிப் போகாதீர்கள்.

கே: எங்கள் பையன் மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்து எட்டு மாதம் ஆகிறது. பொங்கல் அன்று ராத்திரி சம்பந்தி வீட்டார் ஆறு பேர் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். சப்பாத்தி, பனீர் என்று செய்வதா, நம் சாப்பாடா? காரம் ஒத்துக்கொள்ளுமா? எனக்குப் படபடப்பாக இருக்கிறது. (டோம்பிவிலி வாசகி)

ப: அம்மா, பனீரை எடுத்து உள்ளே வையுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவது உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட, பனீர் அவர்கள் தெரு முனையிலேயே கிடைக்கும். காரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், பச்சை மிளகாயை இடித்த டேச்சாவைத் தொட்டுக்கொண்டு பாக்ரி என்கிற ரொட்டி சாப்பிடுகிற ஊர் இது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் நினைவுபடுத்துகிறேன். நம் போகி அன்று அவர்களுக்கும் போகிதான், பேரே அதுதான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கேரட், கத்தரிக்காய், அவரை, பச்சைக் கொண்டைக்கடலை என்று அந்தச் சமயம் கிடைக்கிற காய் எல்லாம் போட்டு, எள் பொடித்துப் போட்டு, 'போகிச்சி பாஜி' என்று ஒன்று வைப்பார்கள், எள் தூவிய கம்பு பாக்ரியும் வெண்ணெயும் அதற்குத் துணை. நம் பொங்கலுக்கு ஏழு கறி, ஒன்பது கறி போட்டு ஒரே குழம்பாக வைக்கிறோமே, அதே புத்திதான். அதனால் உங்கள் வீட்டில் பல காய்க் குழம்பு வைக்கிற வழக்கம் இருந்தால் அதையே வையுங்கள். சம்பந்தி அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "இதில் எள் போட மாட்டீர்களா?" என்று கேட்டால் உங்கள் படபடப்பு அங்கேயே இறங்கிவிடும்.

பரிமாறுகிறதிலும் ரொம்ப தூரம் இல்லை. அவர்கள் தட்டில் இடது பக்கம் உப்பு, எலுமிச்சைத் துண்டு, சட்னி, கோஷிம்பீர் என்கிற பச்சடி, வலது பக்கம் பாஜி, நடுவில் முதலில் வருவது வரண் பாத், அதாவது குழைந்த துவரம்பருப்பு ஊற்றிய சோறு, மேலே நெய். நாம் என்ன செய்கிறோம்? சோறு, பருப்பு, நெய். எனவே முதல் பரிமாறலில் அவசரப்படாமல் பருப்பையும் நெய்யையும் தாராளமாக விடுங்கள், அந்த வாயிலேயே அவர்களுக்கு வீட்டு ருசி வந்துவிடும், அப்புறம் நீங்கள் எந்தக் குழம்பைக் கொண்டுவந்தாலும் நம்பிச் சாப்பிடுவார்கள். ரசத்தை மட்டும் முதல் தடவை ஒரு டம்ளரில் கொடுத்துப் பாருங்கள். சோற்றில் ஊற்றி இலையில் அணை கட்டுகிற வித்தையெல்லாம் நமக்கே சிலருக்கு வராது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி அம்மா கறுப்புப் புடவையில் வரலாம். மராத்திக்காரர்களுக்கு சங்கராந்தி அன்று கறுப்பு உடுத்துவது வழக்கம், மற்ற பண்டிகைக்கெல்லாம் தவிர்க்கிற நிறத்தை அன்றைக்கு மட்டும் ஆசையாக எடுத்துக் கட்டுவார்கள், குளிருக்கு இதம் என்பார்கள். புது மருமகளுக்கு முதல் சங்கராந்தி என்றால் கறுப்புப் புடவையோடு, சர்க்கரை மணிகளால் செய்த ஹல்வா நகையும் போட்டு அலங்காரம் செய்வார்கள். இது தெரியாமல் என் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, வாசலில் நின்ற சம்பந்தியைப் பார்த்து "நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாததால் பிழைத்தோம், ஆனால் முகம் படிக்க எந்த மொழியும் வேண்டாமே. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மருமகளுக்கு நீங்களே ஒரு கறுப்புப் புடவை எடுத்துக் கொடுத்தால் என்ன என்றும் எனக்குத் தோன்றுகிறது, ஜரிகை போட்ட கறுப்பு எவ்வளவு அழகு. அவர்கள் கையில் எள்ளும் வெல்லமும் கொடுத்து "திள்குள் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள். எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசு என்று அர்த்தம். நீங்கள் பதிலுக்கு ஒரு கரும்புத் துண்டைக் கொடுங்கள்.

கே: வாழை இலையில் நுனி எந்தப் பக்கம்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (காட்கோபர்)

ப: உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம். வலது பக்கம் அகலமாக இருந்தால்தான் சோறு பிசைய இடம் இருக்கும். இலைக்கு மாட்டுங்கா மார்க்கெட் நல்லது, ஆனால் போகி அன்று சாயங்காலம் போனால் சொன்ன விலைதான். இரண்டு நாள் முன்னால் வாங்கி, ஈரத் துணியில் சுற்றிச் சுருட்டி வையுங்கள், வாடாது.

கே: ஒரு ரூமும் கிச்சனும்தான் எங்கள் வீடு. தம்பி குடும்பம், நாத்தனார் குடும்பம் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர், அதில் ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள். அடுப்பு இரண்டு பர்னர். எல்லோரையும் கூப்பிட ஆசை, இடமும் இல்லை அளவும் தெரியவில்லை. (அண்டாப் ஹில்)

ப: கூப்பிடுங்கள். நான் பிறந்த வீடு தாராவியில் பத்துக்குப் பத்து கோலி, அதாவது ஒற்றை அறை. அப்பா சைக்கிளில் இட்லி வியாபாரம், விடிகாலை மூன்று மணிக்கே வீட்டில் அடுப்பு எரியும். அந்தக் கோலியில் பொங்கலுக்குப் பத்தொன்பது பேர் சாப்பிட்டிருக்கிறோம். மேலே பலகை போட்ட மாளா இருந்தது, பிள்ளைகளை எல்லாம் ஏணியில் ஏற்றி அங்கே உட்கார வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பரிமாறலுக்கும் யார் ஏறி இறங்குவது? தூக்குவாளியில் அப்பளத்தையும் வடையையும் போட்டுக் கயிற்றைக் கட்டி மேலிருந்து நாங்களே இழுத்துக்கொள்வோம். கடைக்குட்டி ஒரு தடவை கயிற்றை விட்டுவிட்டான், வாளி மாமா தலையில் இறங்கியது. மாமா இன்றைக்கும் பொங்கல் வந்தால் தலையைத் தடவிக்கொள்வார்.

அளவு சொல்கிறேன். பச்சரிசி இல்லை, சாதாரணப் பொன்னி அரிசி, ஒரு கிலோ இருநூறு கிராம் போதும். ஐந்து லிட்டர் குக்கரில் அறுநூறு கிராமுக்கு மேல் போடாதீர்கள், அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது, இரண்டு தடவையாக வைத்து முதல் ஈட்டை ஹாட் பாக்ஸில் மாற்றிவிடுங்கள். நெய்யோடு போடுகிற பருப்புக்கும் சாம்பாருக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு நானூறு கிராம். சர்க்கரைப் பொங்கலுக்குக் கால் கிலோ பச்சரிசி, எழுபத்தைந்து கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோ வெல்லம், நெய் நூறு கிராம், இது கஞ்சத்தனம் என்று தோன்றும், ஆனால் ராத்திரியில் யாரும் ஒரு கரண்டிக்கு மேல் கேட்க மாட்டார்கள். இரண்டு பொரியலில் ஒவ்வொன்றுக்கும் முக்கால் கிலோ காய், அவியல் என்றால் எல்லாக் காயும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. தயிர் ஒன்றரை லிட்டர். தேங்காய் மூன்று, ஒன்று அழுகலாக இருந்துவிடும் என்று நாலாவதாக ஒன்று. காய்கறிக்கார பாஜிவாலாவிடம் கேட்கும்போது சேனைக்கு சூரண், முருங்கைக்காய்க்கு ஷேவ்கா, கொத்தவரைக்கு கவார், சிவப்புப் பூசணிக்கு லால் போப்ளா. வெறும் போப்ளா என்று கேட்டால் அவர் சுரைக்காயை எடுத்து நிறுத்துவிடுவார், எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

இரண்டு பர்னருக்கு வரிசை முக்கியம். ஆறினாலும் கெடாதது முதலில், அதாவது சர்க்கரைப் பொங்கல், துவையல், பொரியல். அடுத்து பருப்பு, சாம்பார். கடைசியாகச் சோறு. கட்டில் இருந்தால் நிமிர்த்திச் சுவரில் சாத்துங்கள், டிவி ஸ்டாண்டை வெளியே வையுங்கள், டிவியும் அதோடு போனால் நல்லது. பந்தி பிரிக்காதீர்கள், அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கே: எங்கள் வீட்டில் எப்போதும் ஆண்களும் பிள்ளைகளும் முதலில், நானும் மாமியாரும் கடைசியில். நான் உட்காரும்போது சோறு ஆறி, ஹாலில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சொன்னால், "நீயும் வா, யார் வேண்டாங்கறா" என்கிறார் வீட்டுக்காரர். உண்மையில் என்னால் உட்கார முடிவதில்லை. என்ன செய்ய? (ஐரோலி)

ப: உங்கள் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களை உட்கார விடாமல் செய்வது யார் தெரியுமா? அப்பளம். நிஜமாகத்தான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சுடச்சுடப் பொரிக்க வேண்டிய பொருள் என்று அப்பளத்தையும் வடையையும் வைத்திருக்கும் வரைக்கும் ஒருத்தி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே ஆக வேண்டும். அந்த ஒருத்தி யார் என்பதைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிக்கிறோம்?

அதனால் அப்பளத்தை ஏழு மணிக்கே பொரித்து, எண்ணெய் வடித்து, நன்றாக ஆறினபின் இறுக்க மூடுகிற டின்னில் போட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும். தை மாதம் மும்பையில் மழைக்கால ஈரம் இல்லை, ஒன்பதரை வரை மொறுமொறுவென்றே இருக்கும். வடையை விருந்துச் சாப்பாட்டிலிருந்து எடுத்து ஆறரை மணி டீக்குக் கொடுத்துவிடுங்கள், வருகிறவர்களுக்கு அதுதான் வரவேற்பு. சாப்பாட்டோடும் வடை இருந்தே ஆக வேண்டும் என்றால் தயிர் வடை, அது ஊற ஊறத்தான் நன்றாக இருக்கும். உளுந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளித்து, உப்பைக் கடைசியில் போட்டால் எண்ணெயும் குடிக்காது.

பிறகு பாத்திரங்களை எல்லாம் ஹாலுக்கு, வரிசைக்கு நடுவில் கொண்டுவந்து வையுங்கள். முதல் பரிமாறல் உங்கள் வீட்டுக்காரரும் கொழுந்தனும், இரண்டாம் பரிமாறல் அவரவர் கைக்கு எட்டியது. மாமியாரை முதலில் உட்கார வையுங்கள், இதில் கொஞ்சம் உள்நோக்கமும் உண்டு. அவர் உட்கார்ந்துவிட்டால் வீட்டுப் பழக்கம் என்று வேறு யாரும் பேச முடியாது. என் அம்மா கடைசி வரை அடுப்பங்கரையில் நின்றுகொண்டே, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டவள், அதுதான் ருசி என்றும் சொல்லுவாள். அது ருசிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை, நானும் தனியாக இருக்கிற நாளில் அப்படிச் சாப்பிடுவேன். பொங்கல் அன்று வேண்டாம்.

போனை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. கையால் பிசைந்து சாப்பிடுகிற சாப்பாடாகக் கொடுங்கள், ஸ்பூனை வெளியே எடுக்காதீர்கள். சொதிக் கையோடு எவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டிருப்பார்கள்?

கே: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், சர்க்கரை நோய். பொங்கல் ராத்திரி அவருக்கு என்ன கொடுப்பது? பாவம், இலையைப் பார்த்து ஏங்குவார். (செம்பூர்)

ப: தனிச் சமையல் செய்து தனியாக உட்கார வைக்காதீர்கள், அதுதான் அவருக்கு வலிக்கும். அதே இலை, அதே சாப்பாடு, வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் பொரியல், கூட்டு, பருப்பு நன்றாகச் சாப்பிடட்டும், சோறு அதற்கப்புறம், வழக்கத்தில் பாதி. சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன் வைத்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிடுங்கள். சிறுகிழங்கும் சேனையும் காய் என்று நினைத்து அள்ளி வைக்காதீர்கள், மாவுச்சத்துதான், சோற்றுக் கணக்கில் சேரும். ராத்திரி விருந்து இருக்கிறதே என்று மத்தியானம் பட்டினி போட விடாதீர்கள், இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், அது ஏறுவதைவிட ஆபத்து. மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஒன்பதரை மணி வரை காக்க வைக்காமல் எட்டுக்கே எல்லோரும் உட்கார முடிந்தால் நல்லது. சாப்பிட்டபின் பேரப் பிள்ளையோடு சொசைட்டி காம்பவுண்டில் பதினைந்து நிமிஷம் நடக்கட்டும், செம்பூரில் மரங்கள் உண்டு, நன்றாக இருக்கும்.

கே: கும்பார்வாடாவில் மண்பானை வாங்கினேன், கேஸ் அடுப்பில் வைத்ததும் விரிசல் விட்டுவிட்டது. அபசகுனமா? (மாஹிம்)

ப: சகுனம் இல்லை, சூடு. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அடுப்பில் பழைய தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பானை, உள்ளே தண்ணீரோ பாலோ இல்லாமல் வைக்கவே கூடாது, தீ சிறியது. குஜராத்திக் குயவர் செய்த பானையில் தமிழர் பொங்கல் வைக்கிற ஊர் இது, அந்தப் பானைமேல் பழி போடாதீர்கள்.

கே: மிச்சம் மீதியை ராத்திரி வெளியிலேயே வைக்கலாமா? குளிர்காலம்தானே. (தாணே)

ப: மும்பைக் குளிரை நம்பி எதையும் வைக்காதீர்கள். சோறு, தேங்காய் அரைத்த எதுவாக இருந்தாலும், சொதிமேல்தான் முதல் சந்தேகம், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் ஆற நேரமாகும், சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வையுங்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது வேறு கதை, அதை மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கே: எல்லாவற்றையும் மாட்டுங்காவில் ஆர்டர் செய்துவிட்டால் பாவமா? (பவாய்)

ப: பாவம் ஒன்றுமில்லை. பொங்கலை மட்டும் வீட்டில் வையுங்கள், மீதி வரட்டும். இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் போன் எடுக்க மாட்டார்கள்.

கே: சாப்பிட்டு முடித்துப் பதினொன்று ஆனாலும் சொந்தக்காரர்கள் எழுந்திருப்பதில்லை. மறுநாள் எங்களுக்கு வேலை. மனசு நோகாமல் எப்படி அனுப்புவது? (கல்யாண்)

ப: "கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று உங்கள் பையனிடம் சத்தமாகக் கேளுங்கள், மும்பைக்காரர் யாராக இருந்தாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாகக் கடிகாரத்துக்குப் போகும். அதற்கும் அசையாதவர்களுக்கு மீதிப் பொங்கலை டப்பாவில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கவரில் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். டப்பா கைக்கு வந்தால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.